வண்டியின் மறுபக்கம்

“நேத்து ஒரு விலை, இன்னிக்கு ரெண்டு மடங்கா? பகல் கொள்ளை! உங்க ஆக்சிஜன் சிலிண்டரே வேணாம்.”

“வண்டி உங்க தெருவுக்குள்ள வந்தாச்சு அக்கா. யோசிச்சு சொல்லுங்க.”

“திருப்பி அனுப்பு. ஊர்ல உங்க சிவப்புக் கம்பெனி ஒண்ணுதானா? நீலக் கம்பெனி இருக்கு.”

போனை வைத்தாள். கட்டிலில் கணவருக்கு மூச்சு இழுத்தது. பழைய சிலிண்டரின் முள் கடைசிக் கோட்டைத் தொட்டிருந்தது. நீலக் கம்பெனியின் எண்ணை அழுத்தினாள்.

ஜன்னலுக்கு வெளியே சிவப்பு வண்டி வளைந்து திரும்பியது. அதன் மறுபக்கம் முழுக்க நீலம். நீலக் கம்பெனியின் பெயர்.

“வணக்கம், சொல்லுங்க...” அதே குரல் சட்டென்று தயங்கியது. “அக்கா, நீங்களா?”

“தம்பி... அங்கேயும் நீதானா?”

“வெளியிலதான் கீரியும் பாம்பும் அக்கா. ரெண்டுக்கும் ஒரே குடோன், ஒரே வண்டி, ஒரே விலை. நீங்க வேணாம்னதும் இருந்த ஒரு சிலிண்டரை வேற வீட்டுக்குச் சொல்லிட்டேன்.”

வண்டி தெருமுனையை நெருங்கியது. கணவரின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுகப் பற்றின.

“நான் பேசினதை மனசுல வச்சுக்காதே தம்பி. என்ன விலைன்னாலும் தரேன். அந்த வண்டியை மட்டும் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுப்பா...”