நாற்பத்தொன்றாவது குமிழ்

நாற்பது குமிழ் மரங்கள் சரியாக நின்றன.

நாற்பத்தொன்றாவது இடத்தில் அடிக்கட்டை.

அவன் குனிந்து தொட்டுப் பார்த்தான். வாள் போட்டு அறுத்தது. ஆடு கடிக்கவில்லை, காற்று முறிக்கவில்லை. இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

எனெலெசி பின்னால் நின்றாள். நிலம் அவளுடையது. மரங்களை நட்டதும் அவள்தான்.

மலாவியில் அவனுக்கு இது நான்காவது வருஷம். எங்கோ ஒருவர் விமானம் ஏறுகிறார். விமானம் கக்கிய புகைக்கு ஈடாக ஒரு மரத்துக்குப் பணம் கட்டுகிறார். அந்த மரம் இங்கே, எனெலெசி போன்றவர்களின் மேட்டு நிலத்தில் வளர்கிறது. வளர்கிறதா என்று வருஷம் ஒருமுறை வந்து பார்த்து, படம் பிடித்து அனுப்புவது அவன் பிழைப்பு.

இருபது வருஷம் நிற்க வேண்டும் என்பது பேச்சு. இடையில் வெட்டினால் அந்த வீடு பட்டியலிலிருந்து போய்விடும். பட்டியலில் இருக்கும் வீட்டுக்குத்தான் மழைக்கு முன்னால் விதைச்சோளமும் உரமும்.

மழைக்கு இன்னும் ஒரு மாதம்.

போனை எடுத்தான். மரம் ஏன் இல்லை என்று படிவம் கேட்டது. கறையான். கால்நடை. தீ. வறட்சி. வெட்டியது. இதில் ஒன்றைத் தொட வேண்டும்.

படிவம் எழுதியவனுக்கு என்ன, கேட்பான்.

அவன் அவளிடம் ஏன் என்று கேட்கவில்லை. அவன் ஊரில், தக்கலைப் பக்கம், சாவு விழுந்த வீட்டில் சிதைக்காக அடுத்து விழுவது மாமரம். கோடாலிச் சத்தம் கேட்டே தெரு துக்கத்துக்கு வந்துவிடும். வெட்டிய மரத்தைப் பார்த்தால் வீட்டு வாசலைப் பார்ப்பது அவனுக்குப் பழக்கம்.

பார்த்தான். வாசலில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன.

போன வருஷம் மூன்று.

ஆறு வருஷக் குமிழ். கதவுக்கு ஆகாது, கட்டிலுக்கு ஆகாது. சின்னப் பெட்டிக்குப் போதும்.

துக்கம் கேட்க அவள் மொழியில் ஒரு சொல் உண்டு. படித்துத்தான் வைத்திருந்தான். அது வாயில் வரவில்லை.

"கறையான்னு போட்டிருதேன், அக்கா," என்றான்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் யாராவது விலகிப் போவார்களா?

அவள் விலகினாள்.

"அது யாருக்க மரம்?"

நான்கு வருஷத்தில் அவள் மொழி அவன் காதில் ஊர்ப்பேச்சாகவே விழத் தொடங்கியிருந்தது. படிவத்தைப் பார்த்துச் சொன்னான். ஒரு பெயர். எங்கிருந்து எங்கே பறந்தார் என்பது.

"எதுக்குப் போனாராம்?"

அது எழுதியிருக்கவில்லை. மரம் போனதற்கு ஐந்து காரணம் வைத்திருக்கிறார்கள். மனிதர் போனதற்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. அவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவனும் பறந்து வந்தவன்தானே.

அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. அந்த மனிதருக்கும் ஏதாவது அவசரம் இருந்திருக்கும் என்றாள்.

"வெட்டினேன்னே போடுங்க."

பட்டியலைச் சொன்னான். விதையைச் சொன்னான். மழையைச் சொன்னான். அவளுக்குத் தெரியாததா? ஆறு வருஷமாக அந்தச் சோளத்தைத் தின்று வளர்ந்த பிள்ளைகள். தம்பி வீட்டில் விதை கேட்பாளாம். தம்பிக்கே போதாது என்பது அவனுக்குத் தெரியும்.

இருந்தும் விடவில்லை அவன். ஒரு தடவை தொட்டால் முடிந்தது, யாருக்கு என்ன நஷ்டம் என்றான்.

அவள் அடிக்கட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"என் கடைக்குட்டி மடாலிட்சோ அந்தப் பலகையிலதான் படுத்திருக்கான். அதைக் கறையான் தின்னுட்டுதுன்னு எழுதாதீங்க."

அவன் விரல் கறையானைத் தாண்டிக் கீழே போனது.

வெட்டியது.

படிவம் அதோடு விட்டுவிடவில்லை. வெட்டிய மரம் என்ன ஆனது என்று கேட்டது. படம் கட்டாயம். படம் நேராகப் பணம் கட்டியவருக்கே போகும்.

அவன் போனை அடிக்கட்டைக்கு நேரே பிடித்தான். அவள் தலையசைத்து மறுத்தாள். முன்னால் நடந்தாள்.

ஊர்க்கோடியில் ஒரு சோலை. ஊரைச் சுற்றி விறகுக்கு எல்லாம் போய்விட்டது, இங்கே மட்டும் யாரும் கை வைப்பதில்லை. உள்ளே கல்லறைகள். ஓரத்தில் புதுமண் குவித்த ஒன்று, ஒரே எட்டில் தாண்டிவிடலாம்.

படம் என்றால் எப்படி நிற்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். வருஷாவருஷம் ஒவ்வொரு மரத்துக்கும் அப்படித்தான் நின்றிருக்கிறாள். இடுப்புத்துணியை இழுத்துவிட்டு, நிமிர்ந்து, ஒரு கையை மரத்தின் மேல் வைத்து.

துணியை இழுத்துவிட்டாள். நிமிர்ந்தாள். கையை உயர்த்தினாள்.

அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரம் கை அப்படியே நின்றது. பிறகு முழங்காலிட்டு அதை மண்ணின் மேல் வைத்தாள். தலையைத் தூக்கி, போனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த மனிதரைப் பார்த்தாள்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படம் எடுத்தான்.