வியாழக்கிழமை மெழுகுவர்த்தி

விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலில் வியாழன் தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றுவாள் ஜோசபின்.

"யாருக்காக வேண்டிக்கிறே?" என்று கேட்டாள் மெழுகுவர்த்தி விற்கும் சரளா.

"எங்க ஓனருங்களுக்குக்கா. அண்ணன் தம்பி. சொத்துக்காகக் கோர்ட்ல நிக்கிறாங்க."

"நல்ல மனசு உனக்கு. சீக்கிரம் ராசியாயிடுவாங்க."

ஜோசபின் வெளியே வந்தாள். வாசலில் காத்திருந்த புருஷன் குணசேகர், "கேஸை மறுபடியும் தள்ளி வெச்சுட்டாங்களாம்" என்றான்.

அவள் திரும்பிப் போய் இன்னொரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

முன்பு ஒக்கலிபுரம் பாலத்தடியில் படுத்துக் கிடந்த அவர்கள் குடும்பத்துக்கு, அந்தக் கேஸால் பாதியில் நின்றுபோன கட்டடத்தில்தான் வாட்ச்மேன் வேலையும் ஓர் அறையும் கிடைத்திருந்தன. கேஸ் முடிந்தால் காலி செய்ய வேண்டும்.

"நம்ம பாப்பா பத்தாவது முடிக்கிற வரைக்கும் கேஸ் இழுத்தா போதும்" என்றாள் ஜோசபின்.