வெறும் மனை

"கட்டடமே இல்லேன்னா, தெனமும் நான் எங்க மேடம் தூங்குறேன்? மரத்து மேலயா?"

பொன்மலரின் குரல் கேட்டு, வங்கியில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மேலாளர் மோகனாவுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. வீட்டு அடமானக் கடனுக்கு மதிப்பைக் குறைத்துப் போட்டால் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. ஆனால், வங்கி அனுப்பிய இன்ஜினியர் மதியழகன் இவள் வீட்டுக்கு, 'வெறும் மனை, கட்டடம் இல்லை' என்றல்லவா எழுதியிருக்கிறார்!

"அவர் வந்தப்ப நீங்க வீட்ல இருந்தீங்களாம்மா?"

"நான் ஷூ கம்பெனிக்குப் போய்ட்டேன். எங்க வீட்டுக்காரரும் டூட்டி. இன்னாத்தையோ அளந்துட்டுப் போயிருக்காரு. மேடம், ஷூவோட மேல்பாகம் தைக்கிற வேலையை வீட்டுக்கே தர்றேன்னு கம்பெனில சொல்லியிருக்காங்க. இந்த மாசத்துக்குள்ள மெஷின் போடலேன்னா வேற ஆளுக்குப் போய்டும். அந்த வீட்டை நம்பித்தான் கேக்குறேன்."

மோகனா உடனே மதியழகனுக்குப் போன் போட்டார். "நேர்ல வாங்க மேடம். அங்க வச்சு சொன்னாத்தான் புரியும்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார் அவர்.

மறுநாள் ஆம்பூருக்கு வெளியே அந்த இடத்தில் மூவரும் நின்றார்கள். ஹைவேக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே வரிசையாக நாலே மனைகள். ஏரிக்கரையிலிருந்து இரண்டாவதில் பொன்மலரின் பச்சை வீடு. மற்ற மூன்றும் காலி. வீட்டை ஒட்டிய மூன்றாவது மனையில் முள் மண்டிக் கிடந்தது.

அந்த முள் மனைக்காரர் நயீம் அகமதுவும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சாட்சி சொல்லப் பொன்மலர்தான் கூப்பிட்டிருந்தாள்.

"பாய், நீங்களே சொல்லுங்க. இது வீடா, இல்லியா?"

"இன்னா தங்கச்சி இப்டி கேட்டுட்ட! சார், தேக்குக் கதவு, போர் தண்ணி, உள்ளார டைல்ஸு. இதுக்குப் போய் கம்மியா போட்டா, பக்கத்துல என் மனைக்கும் ரேட்டு இறங்கிடும்ல? பேஜார் பண்ணாம ஜாஸ்தியாவே போடுங்க."

மோகனா முள் மனையைக் காட்டினார். "மதியழகன் சார், வீட்டை விட்டுட்டு இதையா அளந்தீங்க?"

"ஆமா மேடம்."

பொன்மலர் கைதட்டிச் சிரித்தாள். "பார்த்தீங்களா! பாயோட மனையை அளந்து என் தலையில கட்டிட்டாரு. மொதல்ல ஒரு நல்ல கண்ணாடி வாங்கிப் போடுங்க சார்!"

மதியழகன் சிரிக்கவில்லை.

"உங்க பத்திரத்துல மனை எண் ரெண்டுதானேம்மா?"

"ஆமா. பாயோடது மூணு."

"வீடு கட்டுறப்ப எந்தப் பக்கத்துலேருந்து எண்ணினீங்க?"

"ஏரிக்கரைப் பக்கத்துலேருந்துதான். அப்ப உள்ள வர்றதுக்கு அந்த வழி ஒண்ணுதான இருந்துச்சு? நானும் பாயும் சேர்ந்து நின்னுதான் எண்ணினோம். ஏன் கேக்குறீங்க?"

"மனை பிரிச்சவங்க ஹைவே பக்கத்துலேருந்து நம்பர் போட்டிருக்காங்கம்மா. முள்ளுக்குள்ள பூந்து நம்பர் போட்ட எல்லைக் கல்லைத் தேடிப் பார்த்துட்டேன். ரெண்டாம் நம்பர் மனை, இந்த முள்ளு மனைதான். இதுதான் உங்களுது."

பொன்மலரின் சிரிப்பு நின்றது. ஹைவேயிலிருந்து விரல்விட்டு எண்ணினாள். ஏரிக்கரையிலிருந்து எண்ணினாள். மறுபடியும் ஹைவேயிலிருந்து எண்ணினாள்.

நயீம் அகமது ஒரே ஒரு தடவைதான் எண்ணினார். பச்சை வீட்டை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"இன்ஜினியர் சார், அப்ப என் மனையில நிக்கிற இந்த வீட்டுக்கு எவ்ளோ போடுவீங்க?"