பச்சைக் காரின் விலை

"அங்கே இல்லை. இன்னும் ரெண்டு அங்குலம் பின்னாடி தட்டுங்க."

ஷெட்டில் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த லெஸ்லி பிராட்பென்ட் தட்டினார். கணீரென்று வர வேண்டிய சத்தம் பொத்தென்று வந்தது. காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது.

"பார்த்தீங்களா? உள்ளே தகடே இல்லை. பட்டி அடைச்சு மேலே பெயின்ட் அடிச்சிருக்கு" என்றாள், டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற ஹிலரி விண்டில்.

லெஸ்லி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். பழைய கார்களைப் பரிசோதித்து விலை மதிப்புப் போடுவதுதான் இருபத்தாறு வருஷமாக அவர் தொழில். காலையிலிருந்து இது மூன்றாவது வண்டி. விடாத மழை. அதிலும் இது விவாகரத்துக் கேஸ். வக்கீல் ஆபீஸ் அனுப்பியிருந்தது. யாருக்கு என்ன பங்கு என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் கை ஒரு பக்கம் சாயும்.

வண்டி 1966 மாடல். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார்.

"இன்னும் எழுதிக்கோங்க" என்றாள் ஹிலரி. "ரெண்டாவது கியர் கத்தும். கூரை ஒழுகும். ஊத்துற ஆயிலையெல்லாம் குடிச்சுடும். பத்தாயிரம் பவுண்டுக்கு மேல போட்டீங்கன்னா அநியாயம்."

"உங்க வீட்டுக்காரர் முப்பது வருஷம் வச்சிருந்த வண்டி, மிஸஸ் விண்டில்."

"அதனாலதான் சொல்றேன். குறைச்சே போடுங்க."

பிரிந்து போகிற ஆளின் ஆசைப் பொருளைக் குப்பை என்று சொல்லிப் பார்ப்பதில் சிலருக்கு ஒரு திருப்தி. லெஸ்லி நிறையப் பார்த்துவிட்டார். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். இந்த மாதிரி வண்டிகளில் பக்கத்து சீட் புதுசு போலவே இருக்கும். இதில் இரண்டு சீட்டும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தன. அதையும் குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் கொலின் விண்டில் வந்து சேர்ந்தார். பஸ்ஸில் வந்து, தெருமுனையிலிருந்து நனைந்துகொண்டே நடந்து, கக்கத்தில் ஒரு ஃபைலோடு. மனைவியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"பதிவுப் புத்தகம் இதோ. இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் ஒரிஜினல். நாலு வீலும் புதுசு. போன மாசம் இதே மாடல் ஏலத்துல முப்பத்தஞ்சாயிரத்துக்குப் போச்சு. அதுக்குக் கீழே எழுதாதீங்க சார்."

"அது பிரிச்சு மேஞ்சு புதுசாக்கின வண்டியா இருக்கும், மிஸ்டர் விண்டில். இது..."

"இதுக்கு என்ன குறைச்சல்? ராஜா மாதிரி நிக்குது!"

"ராஜாவுக்கு இடுப்புக்குக் கீழே பூரா பட்டி" என்றாள் ஹிலரி.

"நீ சும்மா இரு ஹிலரி. காரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கா? அந்தப் பட்டியை அடைச்சதே நான்தானே!"

லெஸ்லிக்குச் சிரிப்பு வந்தது. மற்ற இருவரும் சிரிக்காததால் அடக்கிக்கொண்டார். கொலின் சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீ போடறேன்" என்று ஹிலரி உள்ளே போனாள்.

அவள் தலை மறைந்ததும் கொலின் நெருங்கி வந்தார். "அவ சொல்றதைக் காதுல போட்டுக்காதீங்க சார். கொஞ்சம் பார்த்து, கூட்டியே போடுங்க." கிட்டத்தட்டக் கெஞ்சல்.

பட்டி அடைத்த வண்டிக்கு இவ்வளவு பெருமையா என்று அலுத்துக்கொண்டார் லெஸ்லி.

"உள்ளதைத்தான் எழுதுவேன், மிஸ்டர் விண்டில்."

டீ வருவதற்குள் கிளம்பிவிட்டார். தெருவில் நிறுத்தியிருந்த தன் வேனில் ஏறி உட்கார்ந்து, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, படிவத்தில் இருபத்தோராயிரம் பவுண்டு என்று எழுதினார். அந்த வண்டிக்கு அதுதான் விலை. ஒரு பென்னி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

வக்கீல் ஆபீஸுக்குப் போன் போட்டார். குமாஸ்தாப் பெண் ப்ரையனி எடுத்தாள்.

"விண்டில் கேஸ். இருபத்தோராயிரம். சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் அனுப்பிடறேன்மா."

"அப்பாடா! அது ஒண்ணுதான் பாக்கி. கார் அவருக்குன்னு பேசி முடிச்சாச்சு. நீங்க போடற விலையில பாதியை அவர் அந்தம்மாவுக்குக் கொடுக்கணும்."

கையெழுத்துப் போடப் போன லெஸ்லியின் பேனா நின்றது.

"கொடுக்க முடியலைன்னா?"

"காரை வித்துத்தான் ஆகணும். அவருக்கு வேலை போய் ஆறு மாசம் ஆச்சு. அந்தம்மா பாடும் திண்டாட்டம்தான். இப்ப இருக்கற வீட்டைக் காலி பண்ணிட்டு வாடகை வீட்டுக்குப் போறாங்க. இந்தப் பாதியை வச்சுத்தான் அட்வான்ஸே கட்டணும்." ப்ரையனி பெருமூச்சு விட்டாள். "ரெண்டு பேரும் உங்க முன்னாடியே சண்டை போட்டிருப்பாங்களே?"

"போட்டாங்க."

"தெரியுமே! அவர் குறைச்சுப் போடுங்கன்னு நச்சரிச்சிருப்பார். அந்தம்மா கூட்டிப் போடுங்கன்னு நின்னிருப்பாங்க."

லெஸ்லி வேனின் கண்ணாடி வழியே அந்த வீட்டைப் பார்த்தார்.

"இல்லை. அந்தம்மாதான் குறைச்சுப் போடச் சொன்னாங்க. அவர் கூட்டிப் போடச் சொன்னார்."

"மாத்திச் சொல்றீங்களா சார்?"

"இல்லைம்மா" என்றார் லெஸ்லி. "நான்தான் அவங்களை மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன்."