முகம் இல்லாதவன்

கல்தூமா சாக்கை விலக்குவாள், முகத்தைப் பார்ப்பாள், மூடிவிட்டு அடுத்ததற்குப் போவாள். கார்த்தூம் ராணுவ ஆஸ்பத்திரி முற்றத்தில் இருபத்திரண்டு பிணங்கள் வரிசையாகக் கிடந்தன. இங்கிலீஷ் துரைகள் மேலேயே துப்பாக்கியைத் திருப்பிய சூடான் பட்டாளத்துக்காரர்கள். நேற்றுக் காலை பீரங்கி வந்து எல்லாவற்றையும் முடித்திருந்தது.

"மெதுவா பாருக்கா," என்றான் சார்ஜென்ட் அல்மாஸ்.

"நீ பேசாத," என்றாள் கூட வந்த நாத்தனார் ஹலீமா. "போன வாரம் வரைக்கும் இவங்ககூட ஒரே தட்டுல கைவிட்டுத் தின்னவன். இன்னிக்கு துரைங்க பக்கம் நின்னு இவங்க பொணத்துக்கு ஈ ஓட்டுற."

அல்மாஸ் குனிந்து அடுத்த சாக்கில் மொய்த்த ஈக்களை விரட்டினான்.

பதினான்காவது சாக்கை விலக்கியதும் கல்தூமாவின் கை நின்றது. குண்டுச் சிதறல் கன்னங்களோடு முகத்தையே கொண்டுபோயிருந்தது. எந்தக் குலம் என்று காட்டும் கன்னத்துக் கீறல்கள்கூட இல்லை. இருபது வயது உடம்பு.

ஹலீமாவின் காதோரம் குனிந்தாள். "இது போதும்."

"எவ பெத்த பிள்ளையோ, பாவம்."

"அவளுக்காக அப்புறம் அழுதுக்கிறேன். ரிஹான் நேத்து மத்தியானமே அக்கரைக்குப் போயிட்டான்னு படகுக்காரன் சத்தியம் பண்ணினான். பொணம் கெடச்சிட்டா தேடறத விட்டுடுவாங்க. என் பிள்ளை பொழச்சுக்குவான்."

மண்ணை அள்ளித் தலையில் கொட்டிக்கொண்டு அலறினாள். "ரிஹான், என்னை விட்டுட்டுப் போயிட்டியேடா."

எதிர்ச் சுவரோரம் நாலு கைதிகள் உட்கார்ந்திருந்தார்கள். வாயில் துணி, தலையை மூடி மாவுச் சாக்கு. ஒருவன் திமிறி எழப் பார்த்தான். காவல்காரன் துப்பாக்கிக் கட்டையால் இடித்து உட்கார வைத்தான்.

அல்மாஸ் கல்தூமாவின் அருகில் குந்தினான். "நல்லா யோசிச்சுப் பாருக்கா. உறுதியா தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடு. ஒண்ணும் தப்பில்ல."

"பத்து மாசம் சுமந்தவளுக்குத் தெரியாதாடா? இது என் பிள்ளை கை. உங்க பட்டாளத்துக்கு டிரம் அடிச்ச கை."

அல்மாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வராந்தாவிலிருந்து துரை இறங்கி வருவதைப் பார்த்ததும் எழுந்து விறைப்பாக நின்றான்.

பிணத்தை அடையாளம் காட்டியதாக எழுதிய காகிதத்தைத் துரை நீட்டினார். கல்தூமா கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள்.

"உன் மகன் டிரம் அடிக்கிறவன்தானே?" துரைக்கு அரபி நன்றாகவே வந்தது.

"ஆமா துரை. துப்பாக்கியத் தொட்டதே இல்ல."

"துப்பாக்கி தொடாதவங்க சரணடைஞ்சா வீட்டுக்குப் போகலாம்னு நேத்து சாயங்காலம் அக்கரைச் சந்தையில தண்டோரா போட்டோம்." துரை காகிதத்தை மடித்தார். "அதைக் கேட்டுத் திரும்பி வந்தேன்னு ஒருத்தன் காலையில வந்தான். பேரு ரிஹானாம். அடையாளம் சொல்லத்தான் உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னேன்."

கல்தூமாவின் கண்கள் சுவர்ப்பக்கம் போயின. மாவுச் சாக்குகளில் ஒன்று அவளைப் பார்த்தபடியே இருந்தது.

"விஷயத்தை முன்னாடியே சொன்னா, எவனைக் காட்டினாலும் மகன்னுதான் சொல்லுவீங்க. அதான் பிணத்தை முதல்ல காட்டச் சொன்னேன்."

அவள் துரையின் பூட்ஸைக் கட்டிக்கொண்டாள். "துரை, அவன்தான் என் பிள்ளை. இது யாரோ. நான் பொய் சொன்னேன். அவன்தான் துரை."

துரைக்குக் கோபம்கூட வரவில்லை. அல்மாஸைப் பார்த்து, "நான் சொன்னேன்ல?" என்றார். காலை மெல்ல விடுவித்துக்கொண்டு சுவரைக் காட்டினார்.

"செத்தவன் பேரைத் திருடினவனை முதல்ல சுடு."