வழிவிட்ட மூடி

கேமராப் படங்களைத் திரைகளுக்குப் பிரித்தனுப்பும் ஸ்விட்ச் பெட்டியைக் கல்யாண மண்டபத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் செருகவேண்டிய கண்ணாடி இழைக் கேபிளின் முனையை ஒரு குட்டி மூடி கவ்விப் பிடித்திருந்தது. அதற்குத் தன் வேலைமேல் அப்படியொரு வெறி.

“விடுண்ணே, முகூர்த்தம் நெருங்கிடுச்சு,” என்று கெஞ்சியது கேபிள்.

“ஒரு தூசி படாம உன்னைப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தவன்டா நான். உயிரே போனாலும் விடமாட்டேன்!” என்றது மூடி.

பொறுமையிழந்த டெக்னீஷியன் மூடியைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பினார். கேபிள் பெட்டிக்குள் பாய்ந்தது. மறுகணம் எல்லாத் திரைகளிலும் தாலி மின்னியது. கெட்டிமேளம் முழங்க, கூட்டம் ஆர்ப்பரித்தது.

நாற்காலிக்கடியில் எச்சிலோடு கிடந்த மூடி, பக்கத்தில் வந்து விழுந்த அட்சதையிடம் பெருமை தாங்காமல் சொன்னது: “பார்த்தியா? நான் மட்டும் வழிவிடலேன்னா, இந்தத் தாலி ஒருத்தர் கண்ணுலயும் பட்டிருக்காது!”