இரண்டாம் கூண்டு

"வெர்லீன், எல்லாம் மூச்சு விடுதா? ஆறு எலியுமா?"

டாக்டர் ப்ரென்னர் கையுறைகூட மாட்டாமல் எலி அறைக்குள் வந்துவிட்டார்.

"முதல்ல கையுறை. கழுவித் துடைக்கிற எனக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒண்ணா?"

அவர் சிரித்துக்கொண்டே மாட்டினார். இரண்டாம் கூண்டை வெளிச்சத்தில் பிடித்தார். ஆறு எலிகளும் மூக்கைத் தூக்கி மோந்துகொண்டிருந்தன.

மரபணு மாற்றிப் பிறக்கவைத்த எலிகள். நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான நீர், ஆரஞ்சு நிற மருந்துத் தீனி தின்னும்வரைதான் அவற்றுக்குச் சுரக்கும். தீனியை நிறுத்தினால் நாலைந்து நாளில் மூச்சு முட்டும்.

போன திங்களன்று இரண்டு கூண்டுகளுக்கும் நிறுத்தினார்கள். இரண்டாம் கூண்டுக்கு மட்டும் டாக்டரின் புது மருந்தை மூக்கில் சொட்டினார்கள்.

முதல் கூண்டில் எல்லாம் செத்தன; வெள்ளியன்று மாலை வெர்லீன்தான் அள்ளிப் போட்டுக் காலி செய்தாள்.

"சனி, ஞாயிறு நீங்க மட்டும்தானே இருந்தீங்க? ஒண்ணாவது திணறிச்சா?"

"இல்ல, டாக்டர்."

"அப்போ இன்னிக்கு சில்லி ஸ்பகெட்டி என் செலவு. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

"அவர் சாப்பிட உட்கார்ந்தா உங்க சம்பளம் பத்தாது."

டாக்டர் சுவரிலிருந்த போனை எடுத்தார்.

"எங்க பேசறீங்க?"

"அஞ்சாம் மாடியில ஒரு குழந்தை. பொறந்து பதினேழு நாள். இதே குறைதான், குழாயிலதான் மூச்சு. மாத்தி வைக்க நுரையீரல் கிடைச்சிருக்கு, பன்னிரண்டு மணிக்குள்ள வேணுமா வேண்டாமான்னு சொல்லணும். எலி பிழைச்சா கத்தி வேண்டாம், அந்த மருந்தே போதும்னு அவங்கம்மா சொல்லிட்டா. அனுமதியும் வந்தாச்சு. நுரையீரல் வேண்டாம்னு சொல்லிடறேன்."

"குழந்தை பேரு?"

"ஒடெட்."

அவர் எண்களை அழுத்தினார். மணி பதினொன்று ஐம்பது.

வெர்லீனின் கை அங்கிப் பைக்குள் போனது.

முதல் கூண்டைக் காலி செய்த அன்றே இரண்டாம் கூண்டும் வாயைத் திறந்து காற்றுக்குத் தவிக்கத் தொடங்கியிருந்தது. பார்த்தது அவள் ஒருத்திதான். இன்னொரு முறை அள்ளிப் போட மனசு வரவில்லை. அதனால்தான் காலையும் மாலையும் அந்த ஆரஞ்சுத் தீனி, ஆளுக்கொரு துண்டாக.

இன்று காலைக்கான ஆறு துண்டுகள் இன்னும் பையிலேயே கிடந்தன. ஈரக் கையுறையில் ஆரஞ்சு ஒட்டியது.

மறுமுனையில் மணி அடிப்பது அவளுக்கும் கேட்டது.